அலசக் கூடாத சட்டை

அன்புள்ள அமுதவல்லிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? போனில் பேசினால் ஸ்பீக்கரில் வீடே கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒன்றுமில்லை. ஆலையில் மாதாமாதம் ரத்தம் பார்ப்பார்கள். நரம்பு வேலைசெய்யத் தேவையான ஒரு நொதி எனக்குப் பாதியாகக் குறைந்திருக்கிறதாம். பூச்சிமருந்து கலக்கும் இடத்திலிருந்து விலக்கி, ஆறு வாரம் மேஜை வேலை கொடுத்திருக்கிறார்கள். இருபது வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஓய்வு.

ஆனால் எனக்கு வந்த அதே தலைவலியும் கண்மங்கலும் உனக்கும் வருகிறது என்றாயே, அதுவும் என் தம்பி தணிகாசலம் வயலுக்கு மருந்தடித்த மறுநாள். அவன் சட்டையை நீதானே கையால் அலசுகிறாய்? விஷம் தோல் வழியாகவே உள்ளே போய் அந்த நொதியைக் கெடுக்கும். ஈரல் விஷத்தைச் சிதைத்துச் சிறுநீரில் தள்ளிவிடும். ஆனால் கெட்டுப்போன நொதி மறுபடி உருவாக வாரக்கணக்காகும். அதற்குள் அடுத்த சட்டை வந்துவிடுகிறது.

இதைப் போன லீவில் ஊருக்கு வந்தபோதே அவனிடம் சொன்னேன். "மருந்துக்கே பயந்துக்கினு கீற, இன்னாத்துக்குண்ணா எம்.எஸ்ஸி. படிச்ச?" என்று ஊர் நடுவில் சிரித்தான். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நான் மறக்கவில்லை.

நாளைக்கே உத்திரமேரூர் போய் டாக்டரிடம் இதையெல்லாம் சொல். முடிந்தால் மோர்மிளகாய் அனுப்பு. பொட்டலத்தில் உன் கையெழுத்தில் நாலு வரி வை. இங்கே தமிழ் எழுத்தைப் பார்த்தே மாதக்கணக்காகிறது.

ஷிஃப்ட் வண்டி வந்துவிட்டது. இனி அந்தச் சட்டையைத் தொடாதே. அவன் கேட்டால், "மருந்துதானே தம்பி, நீயே அலசிக்கோ" என்று சொல்.

உன்,
ஞானசேகரன்