மேஜையில் ஒரு டப்பா மட்டும்

அப்பா,

இன்று காலை லேபில் அசிட்டோன் பாட்டிலைத் திறந்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் துப்பாக்கி மருந்து டப்பாவின் மூடியைத் திருகும்போது கூடம் முழுக்கப் பரவுமே, கிட்டத்தட்ட அதே வாடை. நான் அந்தப் பாட்டிலைக் கீழே வைத்தேன். மேஜையில் ஏற்கெனவே திறந்திருந்த இன்னொன்றை முதலில் மூடினேன். பிறகுதான் இதைத் தொட்டேன்.

பக்கத்து மேஜைக் கல்பனா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "இன்னாக்கா, ரெண்டு பாட்டில ஒண்ணா தொறந்து வெச்சா ஒரகடமே பறந்துடுமா?"

சிரித்து வைத்தேன். அவளுக்கு உங்களைத் தெரியாது.

நம் வீட்டு ரைஃபிள் தாத்தா எஸ்டேட்டில் வேலை பார்த்த காலத்தில் உரிமத்தோடு வாங்கியது. த்ரீ செவன்டி ஃபைவ் மேக்னம். காட்டெருமையை நிறுத்தக்கூடியது என்று சொல்வீர்கள். வடக்குப்பட்டில் நம் வீட்டைச் சுற்றி நிறுத்த வேண்டிய எதுவும் இல்லை. ஒரு பக்கம் கிடங்கு, மறு பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியின் சுற்றுச்சுவர். வேட்டை நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இருந்தும் உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே வந்தீர்கள். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ரைஃபிள் கிளப்புக்குப் போய் நான்கைந்து தோட்டா சுட்டுவிட்டு, தோள்பட்டை கன்றிப்போய்த் திரும்புவீர்கள். அம்மா தைலம் தேய்த்துக்கொண்டே, "காசு குடுத்து ஒத வாங்கினு வர்ற ஒரே ஆளு" என்பாள்.

பீரோவில் பூட்டியிருந்த துப்பாக்கியைவிடச் சாப்பாட்டு மேஜையைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயந்தேன். அந்த ரகத் தோட்டா கடையில் கிடைப்பதில்லை என்று நீங்களே வீட்டில் செய்வீர்கள். பூசை முடிந்து வந்ததும் மேஜை ஓரத்தில் கைப்பிடிக் கருவியைத் திருகி மாட்டுவீர்கள். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் துடைத்து, அடியில், ஊசி அடித்ததும் பொறி கிளப்பும் புதுக் கேப் வைத்து, தராசில் மருந்தை நிறுத்துக் கொட்டி, மேலே குண்டை அழுத்துவீர்கள். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. கேஸ் சிலிண்டர் போடுபவன் வந்தாலும் வெளியில்தான் நிற்க வேண்டும். "கோயில்ல கூட இவ்ளோ அமைதியா இருந்ததில்ல" என்று அம்மா அடுக்களையிலிருந்து முணுமுணுப்பாள்.

இரண்டு டப்பா வைத்திருந்தீர்கள். ஒன்று ரைஃபிளுக்கு, மெதுவாக எரிந்து குண்டைத் தள்ளும் மருந்து. மற்றொன்று தாத்தாவின் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு, சட்டென்று எரிவது. அந்தத் துப்பாக்கியை விற்றபிறகும் டப்பா இருந்தது. அதில் உள்ளதை ரைஃபிள் தோட்டாவில் போட்டுவிட்டால் குண்டு வெளியே போவதற்குள் துப்பாக்கியே பிளந்துவிடும், சுடுபவர் முகத்துக்கு நேராக. நீங்கள்தான் சொன்னீர்கள். அதனால்தான் உங்கள் சட்டம்: "மேஜைமேல எப்பவும் ஒரு டப்பாதான். இன்னொண்ணு பீரோவுல."

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கம்பெனியில் தீ விபத்து ஒத்திகைச் சங்கு ஊதியது. உங்கள் வலது கண்ணில் புரை முற்றி, ஆபரேஷனுக்கு நாள் கேட்டிருந்த சமயம். நீங்கள் எழுந்து வாசலுக்குப் போய், கூட்டமாக வெளியே வந்து நின்ற தொழிலாளர்களை வேடிக்கை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள். நான் டீ கொண்டு வந்தபோது கடைசிக் குண்டை அழுத்தி முடித்திருந்தீர்கள். ஐந்து தோட்டாக்கள் வரிசையாக நின்றன. மேஜையில் இரண்டு டப்பா. இரண்டுக்கும் மூடி இல்லை.

டம்ளரை வைக்கத் தோன்றாமல் நின்றேன்.

"அப்பா, எதுலேர்ந்து எடுத்தீங்க?"

நீங்கள் டப்பாக்களைப் பார்த்தீர்கள். கொஞ்சம் தாமதமாகத்தான் பதில் வந்தது. "ரைஃபிள் டப்பாதான். இன்னொண்ணு சும்மா எடம் மாத்த எடுத்தேன்."

"நெச்சயமா?"

"இத்தினி வருசமா செய்றேன் பாப்பா. கண்ணு மறந்தாலும் என் கை மறக்காது."

அந்தச் சிறிய தாமதத்தை நான் பிறகு எத்தனை தரம் நினைத்துப் பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு கிளப்புக்குப் போவதாகச் சொல்லியிருந்தீர்கள். அந்த வாரம் முழுக்கக் கம்பெனி பஸ்ஸில் கண்ணை மூடினால் உங்கள் முகம் வரும். கன்னத்தை ரைஃபிளின் மரக்கட்டையில் பதித்து, ஒரு கண்ணைச் சுருக்கிய முகம். அதற்கு மேல் நினைக்க விடாமல் கண்ணைத் திறந்துகொள்வேன். மடியில் விரித்த புத்தகத்தில் ஒரு வரி ஏறாது. எங்கள் லேபில் தூசியைக்கூட நிறுக்கும் தராசு இருக்கிறது. ஆனால் தோட்டாவோடு கம்பெனி கேட்டைத் தாண்ட முடியுமா? தாண்டினாலும் எடை எதைச் சொல்லும்? எந்த மருந்தாக இருந்தாலும் நீங்கள் அதே அளவு நிறுத்துத்தானே போட்டிருப்பீர்கள்.

புதன்கிழமை உங்களிடம் மறுபடி கேட்டேன். "பிரிச்சிப் போட்டுடுங்கப்பா. எனக்குப் பயமா இருக்கு." நீங்கள் செய்தித்தாளை இறக்காமலே, "பயந்தவங்க வூட்ல இது இருக்கக் கூடாது" என்றீர்கள். அத்தோடு பேச்சு முடிந்தது. தோட்டாப் பெட்டி பீரோவில் இருந்தது. சாவி எங்கே என்று எனக்குத் தெரியும். திறந்து அதை எடுத்து எங்கேயாவது வீசிவிடலாம் என்று பீரோவில் கை வைத்த நாளும் உண்டு. பெட்டியைத் தொட முடியவில்லை. பீரோவைப் பூட்டிவிட்டுத் திரும்பினேன்.

சனிக்கிழமை தேர்தல் தேதியை அறிவித்தார்கள். உரிமம் உள்ளவர்கள் எல்லாரும் துப்பாக்கியையும் தோட்டாவையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று அன்றே போன் வந்தது. சின்ன வயதிலிருந்தே தேர்தல் என்றால் நம் வீட்டில் துப்பாக்கி இல்லாத நாட்கள் என்றுதான் எனக்குத் தெரியும். இந்தத் தடவை அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவளுக்குக் காரணம் புரியவில்லை. நீங்கள் ரைஃபிளைப் பையில் போட்டு, பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினீர்கள். வழக்கமாக முனகுவீர்கள். அன்று முனகவில்லை. அதை நான் கவனித்தேன், காரணம் யோசிக்கவில்லை.

வாக்கு எண்ணுவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். காலையில் பல் துலக்கப் போனவர், கிணற்றடியில் உட்கார்ந்தபடி. துப்பாக்கியால் உங்களுக்கு ஏதோ ஆகப் போகிறது என்று அத்தனை நாள் நடுங்கினேன். அது எங்கோ ஸ்டேஷன் அறையில் பெயர்ச்சீட்டு கட்டிக் கிடந்தது.

போன மாதம் ஸ்டேஷனிலிருந்து அழைத்தார்கள். "இன்னாம்மா, வாரிசு நீதான? லைசென்சு மாத்திக்கிறியா, டீலர்கிட்ட குடுத்துடறியா? இங்க எடம் இல்ல." துப்பாக்கிக் கடை டீலருக்கே கொடுத்துவிடுகிறோம் என்றேன். ரைஃபிளையும் தோட்டாப் பெட்டியையும் அவரே வந்து எடுத்துப் போனார். அவர் கடையில் கையெழுத்துப் போட நானும் அம்மாவும் சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலேறிச் சென்னைக்குப் போனோம். ரயிலில் அம்மாவிடம் அந்த ஐந்து தோட்டாக்களைப் பற்றிச் சொன்னேன். வாங்குகிற யாரோ ஒருவர் அதைச் சுடுவாரே என்ற நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "செத்தவருக்குக் கண்ணு தெரியலன்னு கடைக்காரன்கிட்ட போய்ச் சொல்லப் போறியா? அவரு எவ்ளோ ரோசக்காரருன்னு தெரியுமில்ல?"

தெரியும். இருந்தும் சொன்னேன். கடைக்காரர் மேஜைமுன் நின்று இரண்டு டப்பாவையும் சங்கையும் உங்கள் கண்ணையும் சொன்னேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பெட்டியைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். பிறகு அடுத்தது. ஐந்தையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்காம்மா இவ்ளோ பயந்த? இது வெடிக்காது. வேணும்னா வூட்டு ஷோகேஸ்ல வெச்சிக்கலாம்." ஒன்றை என் பக்கம் நீட்டினார். அடியில், ஊசி மோதும் சின்ன வட்டத்தில், ஒரு குழி. "கேப் ஏற்கெனவே அடி வாங்கினது. சுட்ட கூட்ல குண்ட மட்டும் சொருகி வெச்சிருக்காரு." ஒன்றைக் கருவியில் வைத்துக் குண்டை உருவி, கூட்டை வெள்ளைக் காகிதத்தின்மேல் கவிழ்த்தார். எதுவும் விழவில்லை.

திரும்பும்போது ரயிலில் அம்மா சொன்னாள்: "அந்த வாரம் நீ வேலைக்குப் போனப்புறம் கறிவேப்பில செடிகிட்ட மண்ணைக் கொத்திக்கினு இருந்தாரு. இன்னா பண்றீங்கன்னு கேட்டேன். உரம்னாரு. செடிக்குன்னு அவரு ஒரு நாளும் குனிஞ்சதில்ல."

அப்படியானால் பிரித்திருக்கிறீர்கள். புதன்கிழமை நான் கேட்ட பிறகா, அதற்கு முன்பே நீங்களாகவா என்று தெரியவில்லை. மருந்தை எல்லாம் மண்ணில் கொட்டிவிட்டு, நான் பெட்டியைத் திறந்தால் ஐந்தும் நிற்க வேண்டும் என்று சுட்ட பழைய கூடுகளில் பொய்த் தோட்டா செய்து அடுக்கியிருக்கிறீர்கள். ஒரே ஒருமுறை எடுத்துத் திருப்பியிருந்தால் எனக்கு அந்தக் குழி தெரிந்திருக்கும். நான் தொட மாட்டேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தேர்தல் அறிவிப்பு வராமல் இருந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன சாக்குச் சொல்லியிருப்பீர்கள்? தோள் வலியா, கிளப்பில் ஆள் இல்லை என்றா? அதைக் கேட்க ஆசையாக இருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே பெட்டியைப் பார்த்து, நாம் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம்.

சாயங்காலம் ஷிப்டு முடியும்போது கல்பனா மறுபடி ஆரம்பித்தாள். "நெஜமா கேக்கறேன்க்கா, ஒரு பாட்டில மூடாம இன்னொண்ண தொறக்கவே மாட்ட. அவ்ளோ பயமா?"

"ஆமா," என்றேன். "எங்க அப்பாவுக்கும்."