உன் தங்கை திட்டு வாங்கிய கதை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், அதில் இருவர் நடந்துகொண்டும் ஒருத்தி நொண்டிக்கொண்டும் நன்றாக இருக்கிறோம். உன் நலத்தை நீ வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. போனில் கேட்டால் "ம், இருக்கேம்மா" என்கிறாய், இருக்கிறாய் என்பது போனை எடுத்ததிலேயே தெரிகிறதே, அதற்கு மேல் ஏதாவது சொல்லக்கூடாதா. அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று சொல்ல முடியாது, உன் தங்கையும் பாதியில் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. பள்ளிக்கூடம் திறக்கப்போவதால் கூடம் முழுக்க நான் தைக்க வேண்டிய சீருடைத் துணிதான், உட்கார இடம் வேண்டுமென்றால் முதலில் பொத்தானுக்குக் காஜா எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறேன். அப்பாவின் டிரைவிங் ஸ்கூலில் ஒரு பல் டாக்டர் சேர்ந்திருக்கிறார், ஊரே அவரைப் பார்த்து நடுங்குகிறது, அவர் கியரைப் பார்த்து நடுங்குகிறார், அப்பா தினமும் வீட்டுக்கு வந்து அவர் மாதிரியே கையை உதறிக் காட்டுகிறார். இதெல்லாம் இருக்கட்டும். விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை உன் தங்கை மறுபடி மைதானத்தில் இறங்கி ஆடினாள்.

நீ போனில் கேட்டதெல்லாம் அரையும் குறையும், முதலிலிருந்தே சொல்கிறேன். போன வருஷம் கல்லூரிக் கால்பந்து அரையிறுதியில் விழுந்தாளே, அப்போது யாரும் அவளை இடிக்கவில்லை, தள்ளவில்லை. பந்தோடு சட்டென்று திரும்பினாள், உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை, அவ்வளவுதான். முட்டிக்குள் ஜவ்வு அறுந்துவிட்டது. தொடைக்குப் பின்னாலிருந்து ஒரு நாரை எடுத்து முட்டியில் வைத்துத் தைக்கப்போகிறேன் என்று டாக்டர் சொன்னதும் அப்பாவுக்குத் தலை சுற்றியது, எனக்கு உடனே புரிந்துவிட்டது, பழைய பேண்டின் உள்மடிப்பிலிருந்து துணி எடுத்து முட்டியில் ஒட்டுப்போடுகிற வேலைதானே. கட்டுப் பிரித்த அன்று தையலைப் பார்த்துவிட்டு நூலைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருக்கிறீர்கள் டாக்டர் என்று சொல்ல வாயெடுத்தேன், அப்பா என் காலை மிதித்துவிட்டார்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஊன்றுகோல், கதவுப் பிடியில் ரப்பர் பட்டை, நாற்காலி மேல் துண்டு. முட்டியில் வைக்க ஐஸ் பை வாங்கச் சொன்னால் அப்பா ஒரு பெரிய பட்டாணி பாக்கெட்டை வாங்கி ஃப்ரீசரில் போட்டார், அதுவே போதும் என்று காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோவும் சொல்லிவிட்டாள். நாள் தவறாமல் உன் தங்கையின் முட்டியில் குடியிருந்த அந்தப் பட்டாணியை ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவே எடுத்துச் சமைத்துவிட்டார். மூன்று பேரும் ருசித்துச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவள் ஃப்ரீசரைத் திறந்து தேடினாள். இப்போது பட்டாணி என்று சொன்னாலே மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

அந்தப் பிசியோவை நீ பார்த்ததில்லையே. குள்ளமாக, ஒல்லியாக, பூப்போலப் பேசுவாள், ஆனால் அந்தக் குரலில் சொல்வதெல்லாம் கொடுமை. "இன்னும் ஒரே ஒரு தடவை கண்ணு" என்பாள், அது முடிந்ததும் இன்னொரு ஒரே ஒரு தடவை வரும். முதலில் காலை நீட்டு மடக்கு, பிறகு மாடிப்படி ஏறு இறங்கு, பிறகு ஒற்றைக் காலில் குதி. குதிப்பதில்தான் வம்பு வந்தது. கீழ்வீட்டு மாமா மேலே வந்து, "ஏம்மா, உங்க வீட்ல யானை ஏதாவது வளர்க்கறீங்களா" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன், பாவம், கீழே போய், கூடத்தில் தொங்கிய கண்ணாடிச் சரவிளக்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார்.

இத்தனையும் செய்து, மைதானத்துக்குப் போகலாமா என்று பார்க்கும் பரீட்சையில் பிசியோ அவளைத் தேறவிடவில்லை. நல்ல கால் தாண்டுகிற தூரத்தை இந்தக் கால் தாண்டவில்லை, இப்போது வேண்டாம் என்றுவிட்டாள். வீட்டுக்கு வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். பந்தாட்ட ஷூவை யாருக்காவது கொடுத்துவிடு என்றாள். சரி என்று வாங்கி வெட்டுத்துணி மூட்டைக்குள் ஒளித்து வைத்தேன். அன்று சாயங்காலம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் பக்கம் திரும்பாமலே, "கால் சரியாயிடும்மா, நான்தான் சரியாகல. கனவுல பந்து வந்தாக்கூட பின்னாடி போறேன், பயமா இருக்கு" என்றாள். ஒன்றும் ஆகாது என்று சொன்னால் பொய், விட்டுவிடு என்று சொல்ல மனசு வரவில்லை. தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் என்ன நடந்தது தெரியுமா, சிரிக்காமல் படி. சத்தமே இல்லாமல் சில நாள் போனதும் கீழ்வீட்டு மாமா கதவைத் தட்டினார். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்று நாற்காலியில் இருந்த துணியெல்லாம் எடுத்துவிட்டு உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை, "இல்லம்மா, பொண்ணு குதிக்கிறதை ஒரேயடியா நிறுத்திட்டாளான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன், நிறுத்திட்டான்னா விளக்கைத் திரும்ப மாட்டிடுவேன்" என்றார். மனுஷர் ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல்தான் கேட்டார். உள்ளேயிருந்து உன் தங்கை எழுந்து வந்தாள் பார், முடியெல்லாம் கலைந்து, கண்ணெல்லாம் வீங்கி, "மாட்டாதீங்க மாமா!" என்று ஒரு கத்து. அவர் அரண்டு போய், "சரிம்மா, சரிம்மா, அவசரமில்ல" என்று படியிறங்கிவிட்டார். அடுத்த நிமிஷம் தொம் தொம் என்று ஆரம்பித்துவிட்டாள். நான், அப்பா, பிசியோ எல்லாரும் கொஞ்சியும் கெஞ்சியும் நடக்காதது அந்த ஒரு கேள்வியில் நடந்துவிட்டது.

அடுத்த பரீட்சையில் தேறினாள். டாக்டரும், கடைசி ஆட்டத்தில் கடைசியில் கொஞ்ச நேரம் இறங்கட்டும், வலித்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும் என்று சம்மதித்தார். இந்த வருஷத்தோடு அவளுக்குக் கல்லூரி முடிகிறதே, இதை விட்டால் அந்தக் கல்லூரி அணிச் சட்டையைப் போட வேறு ஆட்டம் கிடையாது. அப்பாதான் முரண்டு பிடித்தார். பிசியோவிடம் போய், லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, "திடீர்னு நிக்க வருமா? வளைவுல வேகம் குறைக்க வருமா? ரிவர்ஸ்?" என்று கேட்டார். அந்தப் பெண்ணும் சிரிக்காமல் உன் தங்கையைப் பின்பக்கமாக ஓடவிட்டுக் காட்டினாள். அதற்குப் பிறகும், நான் மட்டும் வரமாட்டேன், என்னால் பார்க்க முடியாது என்றவர், சனிக்கிழமை எங்களுக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஹாரன் அடித்தார். தலையில் "பழகுநர்" பலகையோடு அந்த வண்டி மைதானத்துக்குள் நுழைந்ததும் எதிரணிப் பெண்களெல்லாம் சிரித்தார்கள், உன் தங்கை கார் நிற்பதற்குள் இறங்கி, யாரோ எவரோ என்பதுபோல் போய்விட்டாள்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இழுத்துக்கொண்டிருந்தது. இவள் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் என்கிறபோது கோச் அவளைக் கூப்பிட்டார். நல்ல உயரமான அம்மா, தொண்டையிலேயே விசில் வைத்துப் பிறந்தவர், ஆனால் உன் தங்கையிடம் மட்டும் இந்த ஒரு வருஷமாகத் தேன் ஒழுகப் பேசுவார். "பாத்து கண்ணு, மெதுவா" என்று முதுகைத் தட்டி உள்ளே அனுப்பினார். முதலில் அவள் ஆடினாள் என்றே சொல்ல முடியாது. காலில் பந்து பட்ட மாத்திரத்தில் சுட்டுவிட்டதுபோல் யாரிடமாவது தள்ளிவிட்டாள். ஒருத்தி ஓடிவந்தால் ஒதுங்கி வழிவிட்டாள். பக்கத்தில் யாரோ, "அந்தப் பொண்ணு ஏன் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்குது" என்றார்கள், நான் திரும்பி முறைத்தேன். ஆனால் எனக்கும் தெரியும், பயம் இன்னும் போகவில்லை.

அப்பாவைப் பார்த்தால் அது வேறு கூத்து. யாராவது இவள் பக்கம் ஓடி வரும்போதெல்லாம் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது, கற்றுக்கொள்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் போட்டுப் பழகிய கால். புல்லெல்லாம் பெயர்ந்துவிட்டது. அப்போதுதான் எதிரணியில் நெட்டையான ஒருத்தி பந்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிட்டாள், பந்து இவளுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றது. இவள் ஒரு கணம் தயங்கியதை இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன். அப்புறம் போனாள் பார், ஆபரேஷன் ஆன அந்தக் காலை நீட்டியே போனாள். இரண்டு பேரும் மோதி விழுந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், அப்பா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. கண்ணைத் திறந்தால் எழுந்து நிற்கிறாள், பந்து அவள் காலடியில். நான் கத்திய கத்தில் எனக்கே காது அடைத்தது.

அங்கேதான் கெட்டது. உன் தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. பந்தைப் பிடுங்கிவிட்ட சந்தோஷத்தில் எங்கே பார்த்தாளோ, தன் கோலுக்கு முன்னாலேயே குறுக்கே ஒரு பாஸ் கொடுத்தாள், அதை எதிரணிக்காரி அழகாக வாங்கி உள்ளே அடித்துவிட்டாள். ஆட்டம் முடிந்தது, தோற்றுவிட்டோம். விசில் ஊதியதுதான் தாமதம், கோச் பாய்ந்து வந்தார். "கண்ணை எங்கடி வச்சிருந்தே? யார் இருக்கான்னு பாக்காம அங்க எவளாவது பாஸ் கொடுப்பாளா? சின்னப் பிள்ளைகூட இந்தத் தப்பைச் செய்யாது!" என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி பிடிபிடியென்று பிடித்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு வருஷம் படாதபாடு பட்டுவிட்டு வந்த பிள்ளையை இப்படியா பேசுவது என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சண்டைக்குப் புறப்பட்டேன், அப்பா பையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. பாதி தூரம் போவதற்குள் உன் தங்கையே எதிரே வந்தாள். அழுதுகொண்டு வருகிறாள் என்று நினைத்தேன். வாயெல்லாம் பல். "கேட்டியாம்மா? என்னைத் திட்டிட்டாங்கம்மா!" என்று, ஏதோ கோப்பை வாங்கி வந்தவள் மாதிரி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

வரும் வழியெல்லாம் அந்தத் திட்டையே திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினாள், கோச் கையை ஆட்டியது, குரல் உடைந்தது எல்லாம். "ஒரு வருஷமா எல்லாரும் எங்கிட்ட ஆஸ்பத்திரியில பேசற மாதிரியே பேசினீங்க. இன்னிக்கு ஒருத்தர் ஆட்டக்காரியைத் திட்டற மாதிரி திட்டினாங்க" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன், அவருக்கும் விழுந்திருந்தது.

முட்டி சாயங்காலமே வீங்கிவிட்டது. திங்கட்கிழமை டாக்டர் பார்த்தார், தையல் உறுதியாக இருக்கிறது, நீர்தான் கோத்திருக்கிறது, கொஞ்ச நாள் ஓடாமல் இருக்கட்டும் என்றார். அதற்குப் பிறகு ஒரு கிளப்பில் ஆள் எடுக்கிறார்களாம், போவேன் என்கிறாள். எடுப்பார்களா, முட்டி ஒத்துழைக்குமா, யாருக்குத் தெரியும். எனக்கு இன்னும் பயம்தான், அதற்காகப் போகாதே என்று சொல்லப்போவதில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஈரத்தலையோடு வெளியே போகாதே. போன தடவை அனுப்பிய போட்டோவில் சட்டையின் இரண்டாவது பொத்தான் தொங்குகிறது, அதைக்கூடத் தைத்துக்கொள்ளாதவன் என் பிள்ளை என்று வெளியே சொல்லாதே. நீயும் அவளும் என்றும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இனிமேல் போன் செய்தால் எடுத்த எடுப்பில் அவளிடம் முட்டி எப்படி இருக்கு என்று கேட்காதே. அப்படி ஒரு பாஸை எவளாவது கொடுப்பாளா என்று கேள். நன்றாகத் திட்டு, அவளும் உன்னை விடமாட்டாள், இரண்டு பேரும் சண்டை போட்டு வெகு நாளாகிறது.

இப்படிக்கு,
இரண்டு பேர் சண்டைக்கும் நடுவில் வராத
உன் அம்மா