பாதி பாட்டில் ஹார்டனர்

ஆகஸ்ட் 4, 2014
இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். ஒரு வரிகூடப் பொய் வராது.
கஸ்தூரியம்மாள் டீச்சர் அறிவியல் கண்காட்சியில் என் பெயரைச் சேர்த்துவிட்டார். அப்பா மந்தாரக்குப்பம் பட்டறையில் கண்ணாடி நார் விரித்து, ரெசின் என்ற பிசினைத் தடவி, கால்வாய் மூடிகள் செய்கிறார். அதைத்தான் செய்து காட்டப் போகிறேன்.
"நாரு பலமா இருந்தா மட்டும் பத்தாது பாப்பா. ரெசின் இறுகி அத்தப் புடிச்சிக்கினு இருக்கணும். அத்த இறுக வெக்கிற ஹார்டனர் கொறஞ்சா நாரு வெறும் நூலுதான்." நார் குத்திச் சிவந்த கையைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

ஆகஸ்ட் 9
அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அலமாரியில் ஒரே ஒரு ஹார்டனர் பாட்டில். கேட்டால், ஓனர் அளந்து கொடுப்பது என்பார். கேட்கவில்லை. பாதியை ஊற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13
பட்டறையில் மிஞ்சிய நாரிலும் ரெசினிலும் மூன்று பட்டைகள் செய்தேன். நாரும் ரெசினும் ஒன்றேதான். ஹார்டனர் மட்டும் சரியான அளவு, பாதி, சில சொட்டு. செங்கல் தொங்கவிட்டேன். முதல் பட்டை ஆறு கல் தாங்கியது. இரண்டாவது பார்க்க அதே மாதிரிதான் இருந்தது. ஆனால் மூன்றாம் கல்லில் நார் உருவிக்கொண்டு வந்துவிட்டது. கடைசிப் பட்டை இன்னும் விரலில் ஒட்டுகிறது.

ஆகஸ்ட் 22
முதல் பரிசு! "உங்கப்பா பட்டறையே வந்துடுச்சா, இப்படி நாறுது?" என்று ஹரிணி மூக்கைப் பிடித்தாள். பிறகு அவளேதான் செங்கல் எடுத்துக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 25
சிங்காரவேல் மாமா விழுந்துவிட்டார்.

ஆகஸ்ட் 26
மாமா அப்பாவோடு வேலை செய்கிறவர். குள்ளஞ்சாவடியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மூடி பொருத்தப் போயிருக்கிறார்கள். பொருத்திய மூடியின் மேலே ஏறி நின்றிருக்கிறார். அது உடைந்து கால் உள்ளே போய், எலும்பு முறிவு. அடுத்த மாதம் நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர இருந்தவர்.
அப்பா அம்மாவிடம் சொன்னார்: "பாட்டில்ல பாதிதான் இருந்திச்சி. ஓனரு அவசரப்படுத்தினாரு. வெயிலு இறுக்கிடும்னு கம்மியா ஊத்திட்டேன். எம் புத்திதான்."
இனி பட்டறைக்கு வர வேண்டாம் என்று ஓனர் சொல்லிவிட்டாராம்.
பாட்டில் எப்படிப் பாதியானது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 29
ஆஸ்பத்திரிக்குப் போனோம். "பாப்பா ப்ரைஸ் வாங்கிச்சாமே! எதுக்கும்மா குடுத்தாங்க?"
"ரெசின் சரியா இறுகலன்னா உடைஞ்சிடும்னு காட்டினேன் மாமா."
"அட, இத்த எனக்கு மொதல்லயே சொல்லியிருக்கலாமே!"
அவர் மட்டும்தான் சிரித்தார்.

செப்டம்பர் 2
அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டாவது பட்டையைக் கையில் கொடுத்துச் சொன்னேன். நார் பிதுங்கிய முனையை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.
"யாராண்டயும் சொல்லாத. கொறச்சல்னு தெரிஞ்சிதான் ஊத்தினேன். அது எந் தப்பு."
என் தப்பு எங்கே போகும் அப்பா?

செப்டம்பர் 3
சாயங்காலம் மாமாவிடமும் சொன்னேன். அப்பா என் பின்னால் நின்றார், தடுக்கவில்லை. இந்த முறை மாமா சிரிக்கவில்லை. "வூட்டுக்குப் போம்மா" என்றார். கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
பார்வை நேரம் முடிந்திருந்தது. நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் நர்ஸ் அந்த வார்டின் விளக்குகளை அணைத்துவிட்டார்.