வெட்டிய வரி

என் கண்ணே,

விடுதியில் குளிர் எப்படி இருக்கிறது? நீலக் கம்பளிச் சட்டையை இங்கேயே விட்டுவிட்டாய், அனுப்புகிறேன். நவம்பரில் நன்றியறிதல் நாள் விருந்துக்கு வரவில்லை என்றாய். ஒற்றை ஆளுக்கு வான்கோழி எதற்கு, வாங்கவில்லை.

போன வருடம் சமையலறை மேசையில் உன் கல்லூரி விண்ணப்பக் கட்டுரையைத் திருத்தினோமே, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அறுநூற்றைம்பது வார்த்தைக்கு மேல் கணினி வாங்காது. உனக்கு ஒரு வரி மிஞ்சியது. "ஒரு வரி வெட்டச் சொன்னா கோடாலியத் தூக்கிட்டு வர்றியேப்பா!" என்று சிரித்தாய்.

உன் அண்ணன் எமெட்டின் சாவைப் பற்றிய கட்டுரை. நான் வெட்டியது இந்த வரியை: 'அன்று மதியம் அவன் என்னைக் கூப்பிட்டான், நான் போனை எடுக்கவில்லை.'

"இது வேணாம்மா. இதுலேர்ந்து நீ என்ன கத்துக்கிட்டேன்னுதான் காலேஜ்காரங்க பாப்பாங்க" என்றேன். உன் பள்ளி ஆலோசகர் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது உனக்கு. "சரிப்பா, உன் இஷ்டம்" என்றாய்.

கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆனால் அன்றிலிருந்து அண்ணன் பேரை நீ என்னிடம் எடுப்பதே இல்லை.

இடம் போதாமல் நான் அந்த வரியை வெட்டவில்லை. நம் ஊர் ஏரியையும் குளிர்காலப் பனியையும் வருணித்து ஒரு பத்தியே எழுதியிருந்தாய், அதிலிருந்து வெட்டியிருக்கலாம்.

அன்று மதியம் நீ எடுக்காததும் அவன் என்னைக் கூப்பிட்டான். வாசலில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். திரையில் அவன் பேரைப் பார்த்தேன். முடித்துவிட்டுப் பேசலாம் என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

உன்
அப்பா