எதிர்வீட்டுப் படி

9 ஜூன் 2025, திங்கள்

மறுபடியும் கொரோனாவாம். டிவியில் காலையிலிருந்து அதையே போட்டு அரைக்கிறார்கள். சாயந்தரம் எங்கள் வீட்டு கேட்டில் நின்றவர்களுக்கும் அதே பேச்சுதான். "சிஸ்டர், மாஸ்க் போடணுமா? சிஸ்டர், திரும்ப ஊசி போடுவாங்களா?" போடணும்னு தோணினா போடுங்க என்றேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே முதலியார்பேட்டையில், இதே தெருவில், நான் டியூட்டி முடிந்து வரும்போது கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். பால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடுவார். கை தட்டினார்கள், விளக்கேற்றினார்கள். அதெல்லாம் டிவியில் வருகிற நர்சுக்கு. தெருவில் குடியிருக்கிற நர்சுக்கு பிளீச்சிங் பவுடர்.

இப்போது எல்லாருக்கும் நான் வேண்டும். மெடிக்கலில் வாங்கின ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பி.பி. பார்க்கச் சொல்கிறார்கள், கட்டு மாற்றச் சொல்கிறார்கள். எல்லாருக்கும் செய்கிறேன். ஒரே ஒரு ஆளைத் தவிர.

எதிர்வீட்டு கோவிந்தசாமி. ஆட்டோ ஓட்டுகிறவன்.

இன்றைக்கும் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே பார்த்தான். அவன் பெண்டாட்டி சின்னப்பாப்பா அக்காவுக்குத்தான் முதலில் பி.பி. பார்த்தேன். நாற்காலி போட்டு உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, கையை மெதுவாகப் பிடித்து. அக்காமேல் எனக்குப் பாசம் என்று தெரு நினைக்கிறது. பாசமும் உண்டுதான். ஆனால் அவன் பார்க்க வேண்டும், அதுதான் முக்கியம். பார்த்து வயிறு எரியட்டும்.

14 ஜூன்

அவனுக்கு இருமல். மெடிக்கலுக்கு என் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போனான். போகட்டும்.

20 ஜூன்

வார்டில் புதிதாக வந்திருக்கிற பிள்ளை கேட்டாள்: "கொரோனா டைம்ல எப்டி சிஸ்டர் சமாளிச்சீங்க?" முதல் மாசம் எங்களுக்குக் கவச உடுப்புக்குப் பதில் மழைக்கோட்டைக் கொடுத்தார்கள் என்று சொன்னேன். சிரித்தாள், கதை விடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். மூக்கின்மேல் மாஸ்க் அறுத்த தழும்பைக் காட்டினேன். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. மற்றதை அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

6 ஜூலை, ஞாயிறு

பீரோவை ஒழிக்கும்போது என் வீட்டுக்காரர் சட்டை ஒன்று கிடைத்தது. நீலக் கட்டம். என் மகள் துர்கா, "இன்னும் எத்தினி நாளைக்கும்மா வெச்சிருப்ப?" என்றாள். காலேஜ் போகிறாள் இப்போது. அன்றைக்குச் சின்னப் பிள்ளை.

ஒரு தடவையாவது எழுதிவிடுகிறேன்.

2020 ஆகஸ்ட். நான் கோவிட் வார்டில். அந்த உடுப்புக்குள் புகுந்துவிட்டால் ஷிப்ட் முடிகிறவரை தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது, போன் லாக்கரில். சாயந்தரம் வீட்டில் என் வீட்டுக்காரர் தணிகாசலத்துக்கு நெஞ்சு வலி. எனக்குப் போன் போட்டிருக்கிறார், போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். 108-க்குப் போட்டார். வண்டியெல்லாம் வெளியே போயிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்களாம். துர்காவை மாடியைவிட்டு இறங்காதே என்று சொல்லிவிட்டு, தெருவைக் கடந்து போய் கோவிந்தசாமி வீட்டுக் கதவைத் தட்டினார். ஆட்டோ வாசலில்தான் நின்றது. துர்கா மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் கோவிந்தசாமி முகம் தெரிந்தது. ஜன்னல் சாத்திக்கொண்டது. கதவு திறக்கவே இல்லை. அவர் அந்தப் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

கொரோனா இல்லை. மாரடைப்பு. நெகட்டிவ் என்று ரிசல்ட் வந்தது, அதை ஒருத்தரும் கேட்கவில்லை. நான் வந்து பார்த்தபோது அந்தப் படி வெள்ளையாகக் கிடந்தது. பிளீச்சிங் பவுடர்! எம்புருஷன் உக்காந்த எடத்தக் கழுவி வெச்சிருக்கானுங்க!

யார் யாருக்கோ ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருந்தேன் அந்த நேரத்தில். என் ஆளுக்கு ஒரு ஆட்டோ கிடைக்கவில்லை.

27 ஜூலை, ஞாயிறு

அம்மன் கோயிலில் தீமிதி. கோவிந்தசாமியும் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு இறங்கினான். முற்றின சர்க்கரை வியாதிக்காரன், பாதத்தில் உணர்ச்சியே இல்லை என்று சின்னப்பாப்பா அக்காவே சொல்லியிருக்கிறார். எல்லாரும் ஓடுகிற இடத்தில் அவன் நிதானமாக நடந்து வந்தான். பக்தியைப் பாரு என்றார்கள். சுட்டால்தானே ஓடுவதற்கு. கொப்புளம் வரும், உடையும், புண்ணாகும் என்று எனக்கு அங்கேயே தெரிந்தது. பிரசாதம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

7 ஆகஸ்ட்

புண்ணாகிவிட்டது. நபீசா அக்காதான் சொன்னார். பக்கத்து வீடு, சத்து ஊசிக்கு வருகிறவர்.

"கோவிந்தசாமி காலு அழுகிப் போவுதுடி. ஆட்டோவ மூடிப் போட்டுட்டு பஸ்ஸு புடிச்சுப் போயி கட்டு மாத்திக்கினு வர்றாரு. நீ தெருவத் தாண்டினா முடிஞ்சுது."

"அவரு தாண்டி வரட்டுமே" என்றேன்.

"வந்தா செய்வியா?"

ஊசியைக் குத்தினேன். அக்கா ஸ்ஸ் என்றார். அதற்குமேல் கேட்கவில்லை.

செய்வேனா? தெரியாது. முதலில் தட்டட்டும். அவன் தட்டுகிற சத்தத்தை நான் உள்ளே இருந்து கேட்க வேண்டும்.

13 ஆகஸ்ட், புதன்

தட்டினான்.

மத்தியானம். நைட் டியூட்டி முடிந்து நான் மட்டும் வீட்டில் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லுங்கி, காலில் கட்டு, கட்டு முழுக்க மஞ்சளாக ஊறியிருந்தது. அதைப் பார்த்ததும் என் கை தானாக டிரேயைத் தேடிப் போனது. சனியன், பழகின கை. இழுத்துக்கொண்டேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஜன்னலைச் சாத்தினேன்.

என் வீட்டுப் படியில் உட்கார்ந்தான். ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து சுவரைப் பிடித்து எழுந்து, நொண்டிக்கொண்டே போனான்.

ஐந்து வருஷமாக நான் கேட்டது இதுதான். கிடைத்துவிட்டது. டீ போட்டு உட்கார்ந்து குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. பொய் எழுத மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

15 ஆகஸ்ட்

தெருமுனையில் கொடியேற்றம். என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். கொரோனா காலத்தில் உயிரைப் பணயம் வைத்த நம் தெரு சகோதரியாம்! அன்னிக்கி எங்கடா போயிருந்தீங்க எல்லாரும் என்று மைக்கில் கேட்க வாய்வரை வந்தது. ஆனால் அது காதில் விழ வேண்டிய ஆள் அங்கே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். கால்விரல் இரண்டை எடுக்கிறார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் துர்கா, "சந்தோஷமாம்மா?" என்றாள். குத்திக் காட்டுகிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா, தெரியவில்லை.

21 ஆகஸ்ட்

அவர் போன நாள். படத்துக்கு மாலை போட்டு, அவருக்குப் பிடித்த வஞ்சிரம் வறுத்துப் படைத்தேன்.

சின்னப்பாப்பா அக்கா வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. படத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நேத்து வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஒருநாள் வுட்டு ஒருநாள் நல்லா சுத்தம் பண்ணிக் கட்டணுமாம். இல்லன்னா முட்டிக்குக் கீழ எடுத்துடுவாங்களாம். அவரால இனிமே பஸ்ஸு ஏற முடியாது சுடரு."

படத்துக்கு முன்னால் இருந்த விளக்கின் திரியைத் தூண்டிவிட்டேன்.

"அவர வுட்டுடும்மா. சாவிய ஒளிச்சது நானு."

எந்தச் சாவி என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

"ஆட்டோ சாவி. உன் வூட்டுக்காரு தட்டும்போது அவரு சாவியத்தான் தேடினாரு. நான் அரிசி டின்னுல போட்டுட்டேன். மக நிறைமாசமா உள்ள படுத்திருந்தா. நர்சு வூடு, தொட்டா வந்துடும்னு பயம். கதவுக்குக் குறுக்க நின்னு, தாண்டிப் போனா நானும் மகளும் உசுரோட இருக்க மாட்டோம்னு சொன்னேன். ஜன்னல சாத்தினதும் நான்தான்."

"படியக் கழுவினது?"

"நான்தான்."

போங்க என்றேன். போய்விட்டாள்.

அஞ்சு வருஷம்! நாற்காலி போட்டேனே. தண்ணி குடுத்தேனே. கையப் புடிச்சுப் புடிச்சுப் பாத்தேனே. நான் அவனைக் காறித் துப்பாத குறையா பாக்கறப்போ, பக்கத்துல உக்காந்து சிரிச்சிக்கினு — ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா? இப்பவும் எனக்காகச் சொல்லவில்லை. கால் போகப் போகிறது என்றதும் சொன்னாள்.

22 ஆகஸ்ட்

அவன் மட்டும் யோக்கியனா? ஒரு பொம்பளையை நகர்த்த முடியாதா? சாவி இல்லை என்றால் வெளியே வந்து என் வீட்டுக்காரரைக் கையில் தாங்க முடியாதா? அந்தக் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஏன் சொல்லவில்லை? என் படியில் உட்கார்ந்தபோது, "நான் இல்லம்மா, அவ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதவைத் திறந்திருப்பேனே.

23 ஆகஸ்ட், சனி

டிரேயை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். அந்தப் படியை மிதிக்கவில்லை, தாண்டி ஏறினேன். கதவைத் திறந்தவளிடம், "நகருங்க" என்றேன்.

கட்டைப் பிரித்தேன். வாடை. ஆனால் அழுகல் மேலே ஏறவில்லை, பாதத்தோடு நிற்கிறது. ஒழுங்காகப் பார்த்தால் கால் பிழைக்கும். பத்து நாள் முன்னால் கதவைத் திறந்திருந்தால் விரலும் பிழைத்திருக்குமோ? இருக்கலாம்.

குனிந்தபடியே, "ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ அவள அப்பிடிப் பார்ப்ப. அவ தாங்க மாட்டாம்மா, நான் தாங்குவேன்." தன் காலைப் பார்த்துக்கொண்டே, "நானும் சும்மாதான நின்னேன். அந்தக் கதவு தட்டுற சத்தம் இன்னும் கேக்குது" என்றார்.

பிளாஸ்திரி ஒட்டினேன்.

"அவகிட்ட இந்தக் கோவத்த காட்டாதம்மா" என்றார்.

நாளை மறுநாள் வருகிறேன், தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

30 ஆகஸ்ட்

சிவப்பாக நல்ல சதை வருகிறது. சின்னப்பாப்பா காப்பி கொடுத்தாள். தொடவில்லை.

8 செப்டம்பர், திங்கள்

கால் தப்பித்துவிட்டது. இனி வாரம் ஒரு முறை பார்த்தால் போதும்.

சாயந்தரம் கேட்டில் வழக்கம்போலக் கூட்டம். நாற்காலியை எடுத்து உள்ளே போட்டுவிட்டேன். எதிரே கோவிந்தசாமி அண்ணன் காலை நீட்டிப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சின்னப்பாப்பா ஜாக்கெட் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, முதல் ஆளாகக் கையை நீட்டினாள்.

"நபீசாக்கா, நீங்க வாங்க" என்றேன்.