சகாயத்தைத் தூக்கின ஞாயிற்றுக்கிழமை

வக்கீல் பாய்,

நேற்றுக் காலையிலிருந்து பல்வலி. என் வாயில் மிச்சம் இருப்பதே ஏழெட்டுப் பல். அதில் ஒன்று வலிக்கிறதென்றால் அதற்கு எவ்வளவு கொழுப்பு பாருங்கள். மருமகள் ஒரு கிராம்பை எடுத்துக் கொடுத்து, "இத கடிச்சிக்கினு கம்முனு கெட மாமா, ஒரு நாளாவது ஊடு அமைதியா கெடக்கட்டும்" என்றாள். கடித்தேன். காரம் நாக்கில் இறங்கியதும் உங்கள் வாய் வாசனை வந்துவிட்டது. வெள்ளானூரில் கட்டிலில் கிடந்தவன், பூந்தமல்லி கோர்ட்டு வராந்தாவில் நின்றேன்.

உங்களுக்கும் பல்வலிதான். எப்போதும் வலது கன்னத்தில் ஒரு கிராம்பு. சாட்சியை விசாரிக்க எழுந்தால் அது இடது கன்னத்துக்குப் போகும். "பாய் கிராம்ப மாத்திட்டாரு, சாட்சிக்கு சனி புட்சிது" என்பாள் என் அம்மா. அவள் கோர்ட்டு வாசலில் மோர் விற்றவள்; உள்ளே நடப்பது மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரியும். அந்த மோரைக் குடித்த பழக்கத்தில்தான் என் கேஸை எடுத்தீர்கள். உங்கள் கோட்டு அப்போதே கறுப்பு வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. "இத போட்டுக்கினு போனா உன்ன வக்கீலுன்னு நம்புவாங்களா பாய்?" என்று கேட்டேன். "உன்ன யோக்கியன்னு நம்ப வெக்கணும். அதுக்கு இது சுலுவுடா" என்றீர்கள்.

யோக்கியன் இல்லைதான். எண்பதுகளின் நடுவில் நானும் என் கூட்டாளி சகாயமும் பாடியில் ஒரு தொழிற்சாலைச் சுவரேறிப் பித்தளைத் துண்டு திருடி மாட்டிக்கொண்டோம். சகாயம் மூத்தவன், ஜெயிலுக்குப் போனான். எனக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அதனால் மாஜிஸ்திரேட், இரண்டு வருஷம் ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விட்டார். மாசாமாசம் நன்னடத்தை அதிகாரி முன்னால் போய் நிற்க வேண்டும். பாடியில் கால் வைக்கக் கூடாது. சகாயத்தோடு, அவன் ஆட்களோடு சேரக் கூடாது. மீறினால் பழைய கேஸிலேயே உள்ளே.

மீறாமல்தான் இருந்தேன். சகாயம் வெளியே வந்த பிறகும் அவனைப் பார்க்கப் போகவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை அவன் மேல் லாரி ஏறிவிட்டது. மறுநாள் சாயங்காலம் பாடியில் அடக்கம். போனேன். அதே ஞாயிற்றுக்கிழமை, அதே நேரத்தில் ஆவடியில் ஒரு வீட்டுப் பூட்டை உடைத்துப் பாத்திரமும் நகையும் எடுத்துப் போய்விட்டார்கள். புதுத் திருடனைத் தேடப் போலீஸுக்கு என்ன தலையெழுத்து? பழைய திருடன் விலாசத்தோடு இருக்கிறானே. எதிர்வீட்டுப் பெரியவர் என்னைக் காட்டி, இவன்தான் சுவரேறிக் குதித்தான் என்று சொல்லிவிட்டார். ஜாமீனில் வந்த கையோடு அம்மா என்னை உங்களிடம் இழுத்து வந்தாள்.

குமணன்சாவடியில் சைக்கிள் கடைக்கு மேலே உங்கள் அறை. மின்விசிறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு எங்கடா இருந்த?"

"சாவுல."

"யாரு சாவு?"

"சகாயம்."

"எந்த ஊர்ல?"

"பாடிலதான். ஊடு அங்க இருந்தா, பொணம் மட்டும் பெங்களூர்லயா இருக்கும்?"

உங்கள் கன்னத்தில் கிராம்பு அசையாமல் நின்றது. "யார்னா பாத்தாங்களா?"

"தெருவே பாத்துது பாய். மேளத்துக்கு ஆடுனேன். சர்ச்சுலேர்ந்து கல்லறை வரிக்கும் பொட்டி என் தோள்லதான் வந்துது." கேஸ் ஜெயித்துவிட்டது என்ற சந்தோஷத்தில் சொன்னேன்.

"சிரிக்காத. இத சொன்னா புதுக் கேசுலேர்ந்து வெளிய வந்துருவ. வெளிய வர்ற வாசப்படியிலயே பழைய கேசு உன்ன புடிச்சிக்கும்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "திருடுனான்னாலும் உள்ள, திருடலன்னு காட்டுனாலும் உள்ளயா? நல்லா கீது பாய் உங்க சட்டம்."

"அதான் ரெண்டும் வேணாங்கறேன். அந்தச் சாட்சிய ஒடைக்கறேன், அது போதும். டேய், சாவு, சகாயம், பாடி, இந்த மூணும் உன் வாயில வரக் கூடாது."

"நான் இன்னா ஊமையா?"

"கேசு முடியற வரிக்கும் ஊமை. அப்புறம் ஆயுசுக்கும் பேசு."

பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், மருமகளைக் கேட்டுப் பாருங்கள்.

எதிர்வீட்டுப் பெரியவர் கூண்டேறிய நாளில் கிராம்பு இடது கன்னத்துக்குப் போயிற்று. அம்மா வாசலில் மோர்ப்பானையை விட்டுவிட்டுக் கதவருகே வந்து நின்றாள். "கண்ணாடி போட்டிருந்தீங்களா ஐயா?" என்றீர்கள். தூங்கி எழுந்த நேரம், கண்ணாடி உள்ளே இருந்தது என்றார். "அப்ப மூஞ்சியப் பாத்தீங்களா, முதுகப் பாத்தீங்களா?"

"முதுகுதான். ஆனா பாத்தாலே தெரிஞ்சுது, திருட்டு முதுகு."

கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். நீங்கள் முறைத்தீர்கள். அந்த நிமிஷம் நாம் ஜெயித்திருந்தோம் பாய். இன்னும் நாலு வார்த்தை பேசி உட்கார்ந்திருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல். "சாமி! இந்தப் புள்ள திருடல சாமி!"

சகாயத்தின் அப்பா. மகன் செத்ததற்குக் குத்திய கறுப்புத் துணி சட்டையில் அப்படியே இருந்தது. என்னைத் திருடன் என்று சொல்கிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, பாடியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். யாரும் கூப்பிடவில்லை. "அன்னிக்கு எம் புள்ள பொட்டிய இவன்தான் தூக்கினு வந்தான். என் ரெண்டு கண்ணால பாத்தேன் சாமி. இவன் எப்பிடி ஆவடில இருப்பான்?"

முன் பெஞ்சில் வேறு வேலையாக உட்கார்ந்திருந்த நன்னடத்தை அதிகாரி தலையை நிமிர்த்தினார். மாஜிஸ்திரேட் கிழவரை முன்னால் வரச்சொல்லி முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "இவர் சொல்றது உண்மையா?"

உங்கள் தலை லேசாக அசைந்தது. வேண்டாம். இல்லை என்றுகூட நான் சொல்ல வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும், மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். எனக்குப் புரிந்தது. ஆனால் கிழவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சும்மா நின்றால் அத்தனை பேர் முன்னால் அவர் பொய்யர். அவர் பிள்ளையை நான் தூக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

"ஆமாங்க. நான்தான் தூக்கினேன்" என்றேன்.

நீங்கள் கிராம்பை விழுங்கிவிட்டீர்கள். பாதி நாள் விக்கல்.

புதுக் கேஸில் விடுதலை. பழைய கேஸைத் தூசு தட்டி எடுத்தார்கள். என்னிடம் முன்னாலேயே கேட்டிருந்தால் அனுமதி கொடுத்திருப்பேனே என்றார் அதிகாரி, நல்ல மனுஷர்தான். "ஞாயித்துக்கிழமை உங்க ஆபீஸ் பூட்டிக் கெடந்துது சார். தொறக்கற வரைக்கும் பொணம் காத்துக்கினு இருக்குமா?" என்று கேட்டீர்கள். ஒழுங்காக இரு என்றுதானே எழுதி வாங்கினோம், செத்தவனைத் தூக்குவது எந்த ஊரில் ஒழுங்கீனம், அபராதம் போட்டு விடுங்கள் என்று தொண்டை கட்டும்வரை வாதாடினீர்கள். நிபந்தனை என்றால் நிபந்தனைதான் என்றார் மாஜிஸ்திரேட். ஆறு மாதம்.

வராந்தாவில் போலீஸ்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் வந்து நின்றீர்கள். "இருவது வருஷமா பொய் சொல்றவனுக்கே வக்கீலா இருந்துட்டேன். நெசம் சொல்றவன வெச்சிக்கினு இன்னா பண்றதுன்னு தெரியலடா" என்றீர்கள். நான் சிரித்தேன். அம்மா இரண்டு பேரையும் திட்டினாள்.

அப்பீல் முடியும்வரை வெளியே எடுக்க ஜாமீன் கேட்டீர்கள். முதல் கேஸில் எனக்காகக் கையெழுத்துப் போட்டிருந்த அம்மா, நான் அதை மீறிவிட்டதால் மறுபடி போட முடியாது. சகாயத்தின் அப்பா ரேஷன் கார்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். வீட்டு வரி ரசீது கேட்டார்கள். வாடகை வீட்டில் இருப்பவர் ரசீதுக்கு எங்கே போவார்? ஜாமீன் கிடைக்கவில்லை. ஒரு நாள் ஜெயிலுக்கு என்னைப் பார்க்க வந்தார். "என்னாலதான நைனா" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உம் புள்ள ஒல்லி நைனா, தூக்க சுலுவா இருந்தான். அதுக்கா அழுவுற?" என்றேன். அழுதுகொண்டே சிரித்தார். உள்ளே இருந்ததைப் பற்றி அவரிடமும் உங்களிடமும் நான் சொன்னதெல்லாம் வேடிக்கைக் கதைகள். சொல்லாததை இப்போதும் சொல்லப்போவதில்லை.

செங்கல்பட்டில் அப்பீல் ஜெயித்தது. நான் தண்டனையை முடித்து வந்து அம்மாவின் மோர்ப்பானையைச் சுமந்துகொண்டிருந்தபோது. வெயிலில் ஓடி வந்தீர்கள், சாம்பல் கோட்டு பறக்க. "டேய், நீ உள்ள போயிருக்கவே வேணாமாம்டா!"

"அப்ப அந்த ஆறு மாசத்த திருப்பி வாங்கிக் குடு பாய்" என்றேன்.

நான் என்ன கிண்டல் செய்தாலும் ஒன்று கூடுதலாகத் திருப்பிக் கொடுப்பவர் நீங்கள். அன்றைக்கு மோரை வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு பாடியிலும் அம்பத்தூரிலும் எந்தக் கம்பெனி வாசலில் போய் நின்றாலும், "ஜெயிலுக்குப் போனவன்தான நீ?" என்றார்கள். அப்பீல் ஜெயித்ததை யாரும் கேட்கவில்லை. மூட்டை தூக்கி, மீன்பாடி வண்டியில் சரக்கு ஏற்றி ஓட்டிக் காலம் போயிற்று. என்னைப் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் ஒன்றையே சொல்வீர்கள்: "சகாயத்தோட அப்பாகிட்ட முன்னாடியே ஒரு வார்த்த சொல்லி வெச்சிருக்கணும்டா. கோர்ட்டுப் பக்கம் வராதன்னு." கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதும் அதையேதான் சொன்னீர்கள். ஏதாவது கிண்டலாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. உங்கள் காலைப் பிடித்துவிட்டு வந்துவிட்டேன். நாலாம் நாள் போய்விட்டீர்கள்.

அன்றைக்குச் சொல்ல வராததை இப்போது சொல்கிறேன். நீங்கள் சொல்லாமல் விட்டதே நல்லது பாய். சொல்லியிருந்தால் அவர் வந்திருக்க மாட்டார், கேஸ் நம்முடையது. ஆனால் அந்த மனுஷர் சாகும்வரை என்னை எங்கே பார்த்தாலும், "எம் புள்ளயத் தூக்குனவன்" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்வார். டீக்கடையில் சொல்வார், பஸ்ஸில் சொல்வார். நீங்கள் தடுத்திருந்தால், எனக்கு ஆபத்து என்று பயந்து, அதை அவர் யாருக்கும் கேட்காமல் என் காதோடுதான் சொல்லியிருப்பார்.

அந்த ஆறு மாதத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். அதை நான் விடவும் இல்லை, விடப்போவதும் இல்லை. ஆனால் அதில் உங்களுக்குப் பங்கு கிடையாது பாய். அவ்வளவும் எனக்கே.

முருகேசன்