அழுகண்ணிக்கு வைத்த உரம்

உடும்பஞ்சோலை,
ஜூன் 18.

அன்பு மகள் ஷீனாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் காவலில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த ஊர்க் குளிரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும். இதைப் போனில் சொல்ல முடியாது, அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். நீ தோட்டத்துத் தொட்டியில் வைத்துவிட்டுப் போன அழுகண்ணி முழுவதும் செத்துவிட்டது.

மேட்டுச் சதுப்பில் எஸ்டேட்டுக்குக் குளம் வெட்டியபோது நீ வாளியில் அள்ளிவந்த ஏழு தூர்கள். சதுப்பை அழித்த அந்த வேலைக்கு ஆள் வைத்த சூப்பர்வைசர் உன் அப்பா என்பதால் அவரோடு பேசாமலே பஸ் ஏறினாய், இரண்டு வருடமாயிற்று, அவரும் உன் பெயரைச் சொன்னதில்லை. ஆனால் இந்தக் கோடையில் ஏலச்செடியே காய்ந்து சாய்ந்தபோது அந்தத் தொட்டிக்குப் பச்சை வலை கட்டி, பிடித்துவைத்த மழைத்தண்ணீரை ஊற்றினார், அதுவும் நான் பார்க்காத நேரமாகப் பார்த்து. போன மாதம் முதல் மழை விழுந்து ஏலத்துக்கு உரம் வைத்த அன்று மிச்சத்தில் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தார். விரல் உயரம்கூட வளராததைப் பார்த்து, "ஷீனா வச்ச செடிய இப்படிப் பட்டினி போட்டு வச்சிருக்கியே, நீயெல்லாம் காலேஜ் படிச்சவளா" என்று ஏசினார். அது கொசுவைப் பிடித்துத் தின்னும் செடி, சத்தில்லாத மண்ணில்தான் பிழைக்கும், உரம் பட்டால் கருகிவிடும் என்று நீ இங்கிலீஷில் எழுதி ஒட்டிய தாள் என் கண்ணெதிரே இருந்தது. ஆனாலும் உன் பெயர் அவர் வாயில் வந்திருந்தது ஷீனா, தடுத்தால் அதுவும் நின்றுபோகுமோ என்று நின்றுவிட்டேன். ஐந்தாம் நாள் இலை நுனித் துளிகள் வற்றின, பிறகு தூர் கறுத்தது.

மழை விட்டு அடித்த வெயில்தான் காரணம் என்று அவரிடம் பொய் சொன்னேன். கிழங்கு இருந்தால் துளிர்க்கும் என்று தினமும் குனிந்து மண்ணைப் பார்க்கிறார். வேறு தூர் கிடைக்குமா என்று சதுப்புக்கும் போய்வந்தார், அங்கே பிளாஸ்டிக் விரித்த குளம்தான் கிடக்கிறது. நேற்று, "புள்ள வந்து கேட்டா நான் எதக் காட்டுவேன், பிலோமி" என்றார்.

உரம் வைத்தது அவர் கை, தெரிந்தே பார்த்துக்கொண்டு நின்றவள் நான். கோபத்தை என்மேல் வைத்துக்கொள். ஞாயிறு பூசை முடிந்து பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பார், என் நம்பர் வேண்டாம், அவர் நம்பருக்கே கூப்பிடு. செடிப் பேச்சு வந்தால் நீயும் வெயில் என்றே சொல்.

ஆண்டவர் உன் போக்கிலும் வரவிலும் துணையிருக்கட்டும். ஈரத் தலையோடு வெளியே போகாதே.

உன் அம்மா,
பிலோமி சூசையப்பன்

பி.கு. தொட்டி மண்ணைக் கொட்டிவிட்டுக் கீரை விதைக்கலாம் என்றேன். விடமாட்டேன் என்கிறார்.